ஓர்காவுக்கு ஆயிரம் கெஜம்: வாஷிங்டன் படகு விதி என்ன சொல்கிறது, நம் கடலில் என்ன இருக்கிறது

என் அக்காள் மகன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான். காசிமேட்டில் வளர்ந்த பிள்ளை. விடுமுறை என்றால் தண்ணீரைத் தேடித்தான் போவான். சென்ற கோடையில் நண்பர்களோடு சிறிய மோட்டார் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தபோது, சாவியோடு ஒரு தாளையும் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். "மாமா, ஓர்காவைப் பார்க்க வேண்டுமானால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டுமாம். அங்கிருந்து எதைப் பார்ப்பது?"

ஓர்கா என்பது 'கொலையாளித் திமிங்கிலம்' (killer whale) என்று சொல்லப்படும் கடல்விலங்கு. வடசென்னையில் பல வீடுகளில் இப்போது ஒரு பிள்ளையாவது அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் அந்தத் தாளில் இருப்பதை விவரமாகவே சொல்கிறேன்.

இது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டம். 2023இல் நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கரையோரம் வாழும் 'தெற்கு வசிப்பு ஓர்கா' கூட்டத்தை எந்தப் படகும் 1,000 கெஜத்துக்குள், அதாவது சுமார் 914 மீட்டருக்குள், நெருங்கக்கூடாது. ஆண்டு முழுவதும் இதே அளவுதான். தெரியாமல் உள்ளே போய்விட்டால் வேகத்தை 7 நாட் (knot) அளவுக்குக் கீழே, ஏறத்தாழ மணிக்கு 13 கிலோமீட்டருக்குள், குறைத்து விலகிவிட வேண்டும். 400 கெஜத்துக்குள் சிக்கிக்கொண்டால், ஆபத்து இல்லாத பட்சத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு அவை கடந்து போகும்வரை சும்மா இருக்க வேண்டும். அவை வரும் பாதையில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டு, "நான் நெருங்கவில்லை, அதுதான் வந்தது" என்று சொல்லவும் முடியாது.

மோட்டார் இல்லாத கயாக்குக்கும் இதே விதிதான். விலக்கு சிலருக்கு மட்டும். வலை போட்டுக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்கும் தொழில்முறை மீன்பிடிப் படகு, பூர்வகுடிகளின் ஒப்பந்த உரிமைப்படி மீன்பிடிக்கும் படகு, அரசுப் பணியில் இருக்கும் படகு, கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் வழிநடத்தும் கப்பல் ஆகியவை அதில் அடங்கும். பிழைப்புக்கு வலை இழுப்பவனை விட்டுவிட்டு, பொழுதுபோக்குக்கு வந்தவனைத்தான் முதலில் தள்ளி நிற்கச் சொல்கிறது சட்டம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. விதி அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும்தான். கடல்நாய்களைத் தின்று வாழும் வேறு ஓர்காக்களும் அதே கடலில் திரிகின்றன. வாடகைப் படகில் வருபவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அதனால் எந்த ஓர்காவாக இருந்தாலும் 1,000 கெஜம் என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை. எல்லையைத் தாண்டிக் கனடா பக்கம் போனால் அந்த நாட்டு உத்தரவு செல்லும். 2019 முதல் இடைக்கால உத்தரவுகளாக வந்துகொண்டிருக்கும் அது அவ்வப்போது மாறுகிறது. கிளம்பும் அன்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஏன் இத்தனை தூரம்? அந்தக் கூட்டத்தில் மிஞ்சியிருப்பவை எண்பதுக்கும் குறைவு. 2005இலேயே அமெரிக்கா அவற்றை அழியும் நிலையில் உள்ளவையாக அறிவித்துவிட்டது. அவற்றின் முக்கிய உணவான சினூக் சால்மன் குறைந்துபோனது ஒரு காரணம், உடம்பில் சேரும் ரசாயனம் ஒரு காரணம், படகுகளின் தொந்தரவும் இரைச்சலும் மூன்றாவது காரணம். ஓர்கா வேட்டையாடுவது காதால். 'டிக்' 'டிக்' என்று ஒலி விட்டு, மீன்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து மீனைக் கண்டுபிடிக்கிறது. 400 கெஜத்துக்குள் படகு இருந்தால் பெண் ஓர்காக்கள் இரை பிடிக்கும் முக்குளிப்புகளைக் குறைத்துக்கொள்கின்றன என்று அமெரிக்கக் கடல் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒன்றையொன்று கூப்பிடும்போதும் சுற்று இரைச்சல் ஒரு டெசிபல் ஏறினால் அவையும் குரலை ஒரு டெசிபல் ஏற்றுகின்றன. மீன் மார்க்கெட்டில் ஏலம் நடக்கும்போது நாம் பேசுவதைப் போல.

ஒரு சிறு படகு அப்படி என்ன சத்தம் போட்டுவிடும்? இந்தக் கேள்விக்குப் பதில் காசிமேட்டிலேயே கிடக்கிறது. அவுட்போர்டு இன்ஜின் பழுது பார்க்கும் கடையில் கழற்றிப்போட்ட புரொப்பெல்லர் ஒன்றைக் கையில் எடுத்து, இலையின் விளிம்பில் பெருவிரலால் தடவிப் பாருங்கள். சில இலைகளில் அம்மைத் தழும்பு போல் குழிகுழியாக இருக்கும். மணல் உரசியும் உப்பு அரித்தும் தேய்வது தனி. இந்தக் குழிகளைத் தோண்டுவது பெரும்பாலும் குமிழிதான். இலை வேகமாகச் சுழலும்போது அதன் முதுகுப்புறம் அழுத்தம் சட்டென்று இறங்கி, அங்கே தண்ணீர் சூடேறாமலே ஆவிக் குமிழியாகிறது. மறு நொடியில் அழுத்தம் திரும்ப, குமிழி நொறுங்குகிறது. உலோகத்தையே குழித்துவிடும் அந்த நொறுங்கல்தான் கடலுக்குள் கேட்கும் பெரும் இரைச்சல். மேலே நமக்குக் கேட்கும் இன்ஜின் உறுமல் அதில் ஒரு பங்குதான். இலை வளைந்திருந்தாலோ வெட்டுப்பட்டிருந்தாலோ இன்னும் மோசம். வேகம் ஏற ஏறக் குமிழியும் பெருகும். அதனால்தான் விதி தூரத்தோடு நிற்காமல் வேகத்தையும் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் பெரியப்பா மீன் கூட்டத்தைத் தேட, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். சிறுவயதில் எனக்கும் ஒருமுறை கொடுத்தார். மீன் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கண்ணுக்குப் புள்ளியாய்த் தெரிந்த ஒரு லாஞ்சின் ஓட்டம் காதுக்குள்ளேயே ஓடியது. காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர் போகும். எளிதில் தேய்ந்தும் போகாது. பெரிய கப்பலின் சத்தம் பெரும்பாலும் அடித்தொண்டை. சிறு படகினுடையது அதைவிடக் கீச்சு. ஓர்காவும் அதன் உறவான நம் ஓங்கிலும் (டால்பின்) கேட்டுப் பழகிய சுருதி அந்தக் கீச்சுப் பக்கம்தான்.

தாளில் கடைசி வரியாக, ஒலி விட்டு ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவியான எக்கோ சவுண்டரைப் பற்றி இருந்தது. தேவையில்லாதபோது அணைத்துவிட வேண்டும். அணைக்க முடியாவிட்டால் 200 கிலோஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். அந்த ஓர்காக்களின் 'டிக்' ஒலி ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. பல எக்கோ சவுண்டர்களின் இன்னொரு அலைவரிசையும் அதே 50தான். இது சட்டமல்ல, வேண்டுகோள்.

இனி நம் கடல். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று வடசென்னைக் கரையை ஒட்டி மூன்று துறைமுகங்கள். நீருக்கடி இரைச்சலைக் குறைக்கச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டு 2023இல் திருத்தியது. அது வணிகக் கப்பல்களுக்கானது, கட்டாயமும் இல்லை. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனைச் சுற்றுப்புறத்தில் ஹாரன் அடிக்கக்கூடாது என்கிற நம் ஒலி மாசு விதிகள், 2000, காற்றில் பரவும் ஒலிக்கு மட்டுமே அளவு சொல்கின்றன. அமைதி மண்டலத்தில் பகலில் 50 டெசிபல், இரவில் 40. அந்த எண்களைத் தண்ணீருக்குள் கொண்டுபோகவும் முடியாது. கடலில் டெசிபலை அளக்கும் அடிப்படையே வேறு.

கையில் இருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. திமிங்கிலம், ஓங்கில் இரண்டும் அதிகப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் வருகின்றன. 'வேட்டை' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் பொருளில் கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, துரத்துவதும் விரட்டுவதும் அதற்கான முயற்சியும் அடங்கும். தண்டனை 3 முதல் 7 ஆண்டுச் சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். ஆகவே ஓங்கில் கூட்டத்தைக் கண்டதும் செல்போன் படத்துக்காக ஃபைபர் படகை முறுக்கிக்கொண்டு பின்னால் ஓடுவது வெறும் விளையாட்டாகக் கருதப்படும் என்று யாரும் நம்ப வேண்டாம். சத்தத்துக்கென்று தனி வார்த்தை மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. கரை ஒதுங்கிய ஓங்கிலைக் கண்டால் 1093இல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தைக் கூப்பிடலாம். கடலோரக் காவல்படைக்கு 1554.

என் அக்காள் மகன் அன்று மாலை மீண்டும் அழைத்தான். கோட்டுக்கு வெளியிலேயே நின்று இன்ஜினை அணைத்தார்களாம். பைனாகுலரில் மூன்று முதுகுத் துடுப்புகள் தெரிந்தன. "பார்த்ததைவிடக் கேட்டதுதான் மாமா," என்றான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவை மூச்சை ஊதும் சத்தம் தண்ணீர்மேல் தனித்தனியாக வந்திருக்கிறது, முதலில் பெரியது, பிறகு அதன் பக்கத்திலேயே சிறியதாய் ஒன்று.