கொழுப்பு செல் அமினோ அமிலத்தையும் விடுவதில்லை

எடையைக் குறைக்க வருகிறவர்கள் மாவுச்சத்தையும் எண்ணெயையும் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். புரதம் தசைக்கு மட்டுமே போகும் என்பது பலரது நம்பிக்கை. “பி.சி.ஏ.ஏ. பவுடரில் கொழுப்பே இல்லையே டாக்டர், தாராளமாக எடுக்கலாம்தானே?” என்ற கேள்வி அடிக்கடி வருகிறது.

அந்தப் பவுடரில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வாலின்; ‘கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமே பி.சி.ஏ.ஏ. புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில், நம் உடலால் தயாரிக்க முடியாதவை இவை. தசை வளர லியூசின் வேண்டும், உண்மைதான். கொழுப்பு செல்லும் இவற்றைப் பயன்படுத்துகிறது.

கொழுப்பு செல் பிறக்கும்போதே கொழுப்போடு பிறப்பதில்லை. பின்னாளில் கொழுப்பு செல்லாக மாறப்போகும் முன்னோடி செல், பெருகிக்கொண்டிருக்கும்போது குளுக்கோஸையும் குளூட்டமின் என்ற வேறொரு அமினோ அமிலத்தையும் எரிக்கிறது. அது முதிரும்போது, லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றையும் சிதைக்கும் நொதிகள் (என்சைம்கள்) செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் கூடுகின்றன. 2016-இல் வெளியான ஆய்வில், முதிர்ந்த எலிக் கொழுப்பு செல்கள் கொழுப்பு தயாரிக்கும் மூலப்பொருளில் சுமார் 30 சதவீதம் வரை லியூசின், ஐசோலியூசினிலிருந்து வந்தது. அந்தச் சிதைவைத் தடுத்தபோது செல் சரியாக முதிரவும் இல்லை.

இதைப் படித்துவிட்டுப் புரதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். நல்ல கொழுப்பு செல் நமக்குப் பாதுகாப்பு. அது சரியாக உருவாகாவிட்டால் மிஞ்சும் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படியும்; இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும். இதுதான் இன்சுலின் எதிர்ப்பு.

எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். உடல் பருமனில் இந்த அமினோ அமிலங்களைச் சிதைக்கும் கொழுப்புத் திசுவின் திறன் குறைகிறது, அவை ரத்தத்தில் தேங்குகின்றன. பருமனானவர்களின் ரத்தத்தில் இவை கூடுதலாக இருப்பது 1969-லேயே பதிவானது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இதய ஆய்வின் தரவுகளை வைத்து 2011-இல் வந்த ஆய்வு, சர்க்கரை நோய் வருவதற்கு 12 ஆண்டுகள் முன்பே இந்த உயர்வு தென்படலாம் என்றது. இந்த உயர்வு சர்க்கரை நோய்க்குக் காரணமா, இன்சுலின் எதிர்ப்பின் விளைவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டுமே இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

எனவே பவுடர் கேட்பவர்களிடம் முதலில் இடுப்புச் சுற்றளவும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் பார்க்கச் சொல்கிறேன். உணவிலேயே போதிய புரதம் கிடைக்கிறவருக்குத் தனியாக பி.சி.ஏ.ஏ. தேவைப்படுவதில்லை. அதிலும் கிராமுக்கு சுமார் 4 கலோரி உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் புரத பவுடரையும் தொடக் கூடாது.