க்ரோசின் என்று தேடினால் குங்குமப்பூ வரும்

மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தின் தேடல் பெட்டியில் க்ரோசின் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். காய்ச்சல் மாத்திரையைப் பற்றி ஏதாவது வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வரிசையாக வந்து நிற்பது குங்குமப்பூ. குங்குமப்பூவுக்கு நிறம் கொடுக்கும் பொருளின் பெயரும் க்ரோசின்தான், எழுத்துக்கு எழுத்து அதேதான். அதை எலிக்குக் கொடுத்து மூளையைப் பார்த்தவர்கள், கல்லீரலைப் பார்த்தவர்கள் என்று பக்கம் பக்கமாக ஓடும்.

மெடிக்கல் ஷாப்காரருக்கு இந்தக் குழப்பம் வராது. கேட்பவர் முகத்தைப் பார்த்தே பாராசிட்டமால் அட்டையை எடுத்து வைத்துவிடுவார். டேட்டாபேஸுக்கு முகம் தெரியாது, மருந்தும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பெயர். மருந்துக்கோ பெயர் ஒன்றல்ல.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். நமக்கும் பிரிட்டனுக்கும் அது பாராசிட்டமால், அமெரிக்காவுக்கு அசிட்டமினோஃபென். இரண்டுமே ஒரே வேதிப்பெயரிலிருந்து ஆளுக்கொரு துண்டைப் பிய்த்து ஒட்டிக்கொண்டவை. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு அங்கே கிளைபியூரைடு. அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். உலக சுகாதார நிறுவனம் 1953-லேயே பொதுப்பெயர்களின் முதல் பட்டியலை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. இதற்கு மேல் கம்பெனிக்கொரு பிராண்டு பெயர். அதனால் தேடலின் முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை, அட்டையைத் திருப்பி அதன் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைப் படிப்பதில் இருக்கிறது.

சரி, பப்மெட் என்பது என்ன? அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தேடுதளம். 1879-ல் அச்சில் தொடங்கிய மருத்துவக் கட்டுரை அட்டவணையின் இன்றைய வடிவம் என்று சொல்லலாம். 1960-களில் அந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது. 1997-ல் பப்மெட் என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இப்போது 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர், இதழ், சுருக்கம் மட்டும்தான். முழுக் கட்டுரை வேறு இடத்தில் இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் நீங்கள் தட்டும் சொல் கட்டுரையின் பத்தாவது பக்கத்தில் இருந்தால் பப்மெட்டுக்குத் தெரியாது.

பெயர்க் குழப்பத்தைச் சமாளிக்க அந்த நூலகத்தார் 1960-லிருந்து ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மெஷ் என்று பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு அதிகாரபூர்வத் தலைப்பு. கட்டுரை எழுதியவர் பாராசிட்டமால் என்று எழுதினாலும் அசிட்டமினோஃபென் என்று எழுதினாலும், அட்டவணையில் அசிட்டமினோஃபென் என்ற ஒரே தலைப்பின் கீழ் போய் உட்காரும். முன்பு மனிதர்கள் கட்டுரையைப் படித்து இந்தத் தலைப்புகளைப் போட்டார்கள். இப்போது பெரும்பாலும் மென்பொருள் போடுகிறது. தலைப்புகள் மரம்போல் கிளை விரிந்திருக்கும். மேல்கிளையைத் தேடினால் அதற்குக் கீழே உள்ள சிறுகிளைகளும் சேர்ந்து வரும்.

ஒரு நிஜக் கேள்வியோடு உட்காரலாம். காசநோய்க்கு மருந்து எடுக்கும் ஒரு பெண் கருத்தடை மாத்திரையும் சாப்பிடுகிறார். பிரச்சினை வருமா? வரும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாகச் சுரக்க வைக்கும். கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்கள் வேகமாகச் சிதைந்து, ரத்தத்தில் அவற்றின் அளவு குறைந்து, மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டாகும். விடை தெரிந்த கேள்வியை வேண்டுமென்றேதான் எடுத்தேன். தேடல் சரியாகப் போகிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

முதலில் ரிஃபாம்பிசின் என்று மட்டும் தட்டுகிறோம். அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போய், நம் தேடலுக்கு எதிரே உள்ள டீட்டெயில்ஸ் என்ற அம்புக்குறியை அழுத்தினால், நாம் தட்டியதைப் பப்மெட் என்னவாகப் புரிந்துகொண்டது என்று காட்டும். அங்கே ரிஃபாம்பின் என்ற சொல்லும் இருக்கும். அமெரிக்கப் பெயர் அது. மெஷ் தலைப்பும் அதுதான். நாம் சொல்லாமலே சேர்த்துக்கொண்டிருக்கிறது. ரொம்ப நல்ல பிள்ளை. இதே சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுப் பாருங்கள், அல்லது கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். அந்த உதவி உடனே நின்றுவிடும். எழுதியதை எழுதியபடியே தேடும், ரிஃபாம்பின் என்று எழுதிய அமெரிக்கர்கள் எல்லாம் காணாமல் போவார்கள். துல்லியமாகத் தேடுகிறேன் என்று எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி போடுபவர்கள் விழும் குழி இது. என்னைக் கேட்டால், பப்மெட்டில் எல்லோரும் பார்க்க வேண்டிய, ஆனால் யாருமே பார்க்காத இடம் அந்த அம்புக்குறிதான்.

அடுத்து இரண்டாவது மருந்து. கருத்தடை மாத்திரையைச் சிலர் அப்படியே சொல்வார்கள், சிலர் ஹார்மோன் கருத்தடை என்பார்கள், சிலர் உள்ளே இருக்கும் எத்தினில் எஸ்ட்ரடயால், லீவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற பெயர்களை மட்டும் சொல்வார்கள். இவற்றை ஆர் என்ற இணைப்புச் சொல்லால் கோக்க வேண்டும், இது அல்லது இது என்று. பிறகு இந்தக் கொத்தையும் ரிஃபாம்பிசின் கொத்தையும் ஆண்ட் போட்டு இணைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வரட்டும் என்று. பப்மெட்டில் இந்த இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்.

இங்கேதான் அடைப்புக்குறி. பப்மெட் இடமிருந்து வலமாக, வந்த வரிசையில் கணக்குப் போடும். ரிஃபாம்பிசின் ஆண்ட் கருத்தடை ஆர் லீவோநார்ஜெஸ்ட்ரெல் என்று அடைப்பில்லாமல் தட்டினால், முதல் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அதோடு உலகத்தில் உள்ள லீவோநார்ஜெஸ்ட்ரெல் கட்டுரைகள் அத்தனையையும் கொட்டிவிடும். காசநோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கானவை. நானும் இப்படி ஒரு மாலை முழுக்கத் தலைப்புகளைப் படித்துவிட்டு, கடைசியில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவன்தான். கருத்தடைச் சொற்கள் எல்லாம் ஒரே அடைப்புக்குள் போனால் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

மூன்றாவதாகக் கர்ப்பம் என்றும் சேர்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். இந்த விஷயத்தில் பல ஆய்வுகள் யார் கர்ப்பமானார்கள் என்று எண்ணவே இல்லை. இரண்டு மருந்தையும் கொடுத்து ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு குறைந்தது என்று அளந்தன. அவற்றின் சுருக்கத்தில் அந்தச் சொல் வர வேண்டிய அவசியமே இல்லை. நமக்கு அதிகம் பயன்படும் கட்டுரைகளையே நாம் வெளியே தள்ளிவிடுவோம். இரண்டு கொத்தோடு நிறுத்திவிட்டு, பட்டியல் நீளமாக இருந்தால் அப்புறம் குறுக்கலாம்.

குறுக்க மெஷ்ஷிலேயே வசதி இருக்கிறது. தலைப்போடு துணைத் தலைப்பு ஒட்டலாம்: பாதகமான விளைவுகள், நச்சுத்தன்மை, உடலுக்குள் மருந்தின் போக்கு என்று. ஆனால் மெஷ்ஷை மட்டும் நம்பினால் இன்னும் தலைப்புப் போடப்படாத புதுக் கட்டுரைகள் விட்டுப்போகும். மெஷ் தலைப்பு ஒன்று, சாதாரணச் சொல் ஒன்று, நடுவில் ஆர். பழகினவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

பக்கவாட்டில் இருக்கும் வடிகட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு மருத்துவப் பரிசோதனைகள், முறையான தொகுப்பாய்வுகள் என்று வடிகட்டுவது சரி. அபூர்வமான பக்க விளைவைத் தேடும்போது அதே வடிகட்டி எதிரி. கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற மருந்தால் குழந்தைகள் ஊனத்துடன் பிறக்கின்றன என்று ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு 1961 டிசம்பரில் லான்செட் இதழுக்கு எழுதியது ஒரு சின்னக் கடிதம். எந்தத் தர வடிகட்டியிலும் அது நிற்காது.

நாட் என்ற சொல்லையும் பார்த்துத் தொட வேண்டும். விலங்கு ஆய்வு வேண்டாம் என்று நாட் போட்டால், மனிதர்களையும் விலங்குகளையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் சேர்ந்தே போய்விடும்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் பக்கத்தின் கீழே போனால் எந்தெந்த மெஷ் தலைப்புகள் போட்டிருக்கிறார்கள் என்று தெரியும்; அவற்றைத் திருடி நம் தேடலில் சேர்க்கலாம். அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியலும் அங்கேயே இருக்கும். எல்லாக் கேள்விக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு மருந்து ஆகுமா என்பதற்கு லாக்ட்மெட், கல்லீரலுக்குக் கேடா என்பதற்கு லிவர்டாக்ஸ் என்று, ஏற்கெனவே தேடித் தொகுத்து வைத்த இலவசத் தளங்கள் உண்டு. முதலில் அங்கே போய்விட்டு வரலாம்.

ஆனால் பெயர் சரி, அடைப்புக்குறி சரி, எல்லாம் சரி என்ற பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2001-ல் ஆஸ்துமா குறித்த ஓர் ஆய்வு நடந்தது. நோய் எதுவும் இல்லாத தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். அதே நிறுவனத்தில் வேலை பார்த்த 24 வயதுப் பெண் ஒருவர் மே 4 அன்று அதை உள்ளிழுத்தார். மறுநாளே இருமல் தொடங்கியது, நுரையீரல் பழுதானது, ஜூன் 2 அன்று இறந்துபோனார். அந்த மருந்து 1950-களில் ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கப்பட்டது. அது நுரையீரலைக் கெடுக்கிறது என்று அந்தக் காலத்திலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் பப்மெட்டில் தேடித்தான் இருந்தார். அப்போது அதன் தேடல் 1966-க்கு முன்னால் போகாது.

இன்று அந்த எல்லை 1946 வரை பின்னால் போயிருக்கிறது. ஆனால் 1975-க்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலும் சுருக்கம் கிடையாது, தலைப்பு மட்டும்தான். வேற்றுமொழிக் கட்டுரை என்றால் ஆங்கிலமாக்கிய தலைப்பு, சதுர அடைப்புக்குள். ரிஃபாம்பிசினும் கருத்தடை மாத்திரையும் ஒத்துப்போகவில்லை என்று முதலில் எச்சரித்தவர்கள் ஜெர்மன் மருத்துவர்கள், 1970-களின் தொடக்கத்தில். அவர்களைப் பிடிக்க நுணுக்கமான சொற்கள் உதவாது. மருந்துப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, வரிசையைத் தேதிவாரியாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டும்.