இரண்டாவது சிந்தசைசர் வீண்செலவா?

அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித்தின் நிறுவனம் 2015-இல் புரொஃபெட்-6 என்ற சிந்தசைசரை, அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் இசைக்கருவியை, அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே, சக சிந்தசைசர் வடிவமைப்பாளர் டாம் ஓபர்ஹைமுடன் கைகோத்து ஓபி-6 என்ற இன்னொன்றைக் கொண்டுவந்தது. இரண்டிலும் 49 கட்டைகள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள்தான் ஒலிக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ஆஸிலேட்டர்கள் (மூல அலையை உண்டாக்கும் சுற்றுகள்), 64 படிகள் கொண்ட சீக்வென்சர் (சுர வரிசையைப் பதிந்து தானே வாசிக்கும் பகுதி), மாற்ற முடியாத 500 ஒலிகள், நாமே எழுதிச் சேமித்துக்கொள்ள இன்னும் 500 இடங்கள் என்று விவரத்தாள்கள் ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. வெளிப்பெட்டியும் ஏறத்தாழ ஒன்றே. வெளிவந்தபோது ஒவ்வொன்றின் விலையும் மூவாயிரம் டாலரை ஒட்டி இருந்தது.

இந்த இரண்டையும் வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. ஒன்று போதாதா என்று வீட்டார் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் விவரத்தாளைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. கருவிக்குள் மின்சாரம் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

இவை இரண்டும் அனலாக் கருவிகள்: ஒலியை எண்களால் கணக்கிடாமல் மின்னலையாகவே உண்டாக்குபவை. இவற்றில் ஒலி முதலில் தேவைக்கு மிஞ்சிப் பிறக்கிறது, பிறகு செதுக்கப்படுகிறது. ஆஸிலேட்டர் ரம்பப்பல் வடிவத்தில் ஒரு மின்னலையை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 110 ஹெர்ட்ஸ் சுரத்துக்குரிய கட்டையை அழுத்தினால் 110 மட்டும் வருவதில்லை. 220, 330, 440 என அதன் மடங்குகள் அத்தனையும் கூடவே வரும். இவற்றைச் சீரிசைகள் என்பார்கள். இரண்டாவது சீரிசையின் வீச்சு முதலாவதில் பாதி. மூன்றாவதன் வீச்சு மூன்றில் ஒரு பங்கு. பதினாறாவதன் வீச்சு பதினாறில் ஒரு பங்கு. இந்த அலையை அப்படியே ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் காதைக் குடையும். அதனால்தான் நடுவில் ஒரு வடிப்பான் உட்காருகிறது. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிட்டு, மேலே உள்ளவற்றைக் குறைப்பது அதன் வேலை. அந்த எல்லையை நகர்த்தத்தான் ‘கட்-ஆஃப்’ என்று எழுதிய பெரிய திருகு.

நம் இரண்டு கருவிகளும் பிரியும் இடம் இதுதான். புரொஃபெட்-6 இல் இருப்பது நான்கு அடுக்கு வடிப்பான். 1978-இல் வந்த புரொஃபெட்-5 கருவியின் மரபு அது. ஓபி-6 இல் இருப்பது இரண்டு அடுக்கு வடிப்பான். ஓபர்ஹைம் 1974-இல் எஸ்.இ.எம். என்ற சிறிய பெட்டிக்காக உருவாக்கிய சுற்றின் வழி வந்தது. ஒவ்வொரு அடுக்கும், எல்லைக்கு மேலே ஒரு ஸ்தாயி ஏறும்போது, அதாவது அதிர்வெண் இரட்டிக்கும்போது, வீச்சைப் பாதியாக்குகிறது. ஆக, ஒரு ஸ்தாயிக்கு இரண்டு அடுக்கு நான்கில் ஒரு பங்காகவும், நான்கு அடுக்கு பதினாறில் ஒரு பங்காகவும் குறைக்கும்.

கேட்பதற்கு இது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. மேலே சொன்ன 110 ஹெர்ட்ஸ் சுரத்தில் எல்லையை 440-இல் வைப்போம். பதினாறாவது சீரிசை 1760 ஹெர்ட்ஸில், அதாவது எல்லையிலிருந்து சரியாக இரண்டு ஸ்தாயி மேலே இருக்கிறது. ஓபி-6 அதைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்து, மிச்சத்தைக் காதுக்கு அனுப்பிவைக்கும். புரொஃபெட்-6 அதை 256-இல் ஒரு பங்காகக் குறைத்துவிடும். இருந்த இடம் தெரியாது. ஒரே அலை, ஒரே திருகு, அதே இடம். ஆனாலும் ஓபர்ஹைமின் ஒலியில் ஒரு பளபளப்பு மிஞ்சுவதும், புரொஃபெட்டின் ஒலி மூடி மறைத்ததுபோல் இருண்டு திரண்டு வருவதும் இதனால்தான்.

எல்லையை ஒட்டிய அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸ் திருகைக் கூட்டினால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. நான்கு அடுக்கு வடிப்பானில் ரெசனன்ஸ் என்பது பின்னூட்டம்: வெளியே வரும் அலையைத் தலைகீழாக்கி மீண்டும் வாயிலில் கொடுப்பது. எல்லை அதிர்வெண்ணில் ஒவ்வோர் அடுக்கும் அலையை 45 பாகை தாமதப்படுத்தும். நான்கும் சேர்ந்து 180 பாகை. தலைகீழாக்கியதால் இன்னொரு 180. மொத்தம் ஒரு முழுச் சுற்று. திரும்பி வரும் அலை, புதிதாக வரும் அலையோடு சரியாக இணைந்து அதைத் தூக்கிவிடும். எல்லையில் நான்கு அடுக்குகளும் சேர்ந்து வீச்சை நான்கில் ஒரு பங்காக்கியிருக்கும். எனவே பின்னூட்டத்தை நான்கு மடங்கு பெருக்கினால் இழந்தது முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும். அந்தக் கணத்தில் வடிப்பான் தானாகவே ஊதத் தொடங்கும். ஆஸிலேட்டரை அணைத்துவிட்டாலும் தெளிவான ஒரு சைன் அலை கேட்கும். அதை வைத்தே மெட்டு வாசிக்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தாழ்ந்த அதிர்வெண்களில் தாமதம் ஏதும் இல்லை. அங்கே தலைகீழாகத் திரும்பி வரும் அலை, வரும் அலையோடு இணையாமல் அதை எதிர்த்து அழிக்கிறது. பின்னூட்டம் நான்கு மடங்கு என்றால் அடிச்சுரத்தின் வீச்சு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். இத்தகைய வடிப்பான்களில் ரெசனன்ஸ் ஏற ஏறக் கீழ்ப்பகுதி மெலிவதன் காரணம் இவ்வளவுதான். இதை ஈடுகட்டச் சில வடிவமைப்பாளர்கள் தனியாக ஏற்பாடு செய்வதுண்டு.

எஸ்.இ.எம். வகைச் சுற்றின் அமைப்பே வேறு. அலைகளைக் கூட்டும் ஒரு சுற்றும், அலையைத் தொடர்ந்து திரட்டும் இரண்டு தொகையீட்டுச் சுற்றுகளும் ஒரு வளையமாக இணைந்திருக்கும். இதில் ரெசனன்ஸைக் கூட்டினாலும் அடிச்சுரம் அசைவதில்லை. பதிலுக்கு இது புரொஃபெட்டைப்போலத் தானாக ஊதும் நிலைக்குப் போவதில்லை. இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு: அந்த வளையத்தின் ஒரு முனையில் தாழ் அதிர்வெண்களும், இன்னொரு முனையில் உயர் அதிர்வெண்களும், நடுவில் இடைப்பட்டவையும் ஒரே சமயத்தில் தயாராக இருக்கின்றன. தாழ் முனையிலிருந்து உயர் முனைக்கு ஒரே திருகால் மெதுவாக நகர்ந்தால், பாதி வழியில் இரண்டும் சமமாகக் கலந்து எல்லை அதிர்வெண்ணில் ஒரு குழி விழும். அந்தக் குழியோடு கட்-ஆஃபை மெல்ல நகர்த்தும்போது கிடைக்கும் ஒலியைப் புரொஃபெட்-6 இல் எவ்வளவு திருகினாலும் வரவழைக்க முடியாது. அதில் உயர் அதிர்வெண்களை விடும் வடிப்பான் தனியாக உண்டு என்றாலும், இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அந்த வரிசையில் இரண்டு பக்கத்தையும் வெட்டி நடுவை மட்டும் விடலாம். நடுவை வெட்டிப் பக்கங்களை விட முடியாது.

ஆகவே இந்த இருவரில் ஒருவர் மற்றவருக்கு மாற்று இல்லை. இதை ஒப்புக்கொண்ட கையோடு எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். வடிப்பானை முழுக்கத் திறந்துவிட்டு, இரண்டிலும் ஒரே ரம்பப்பல் அலையை வைத்து, ஒலி அளவையும் சமமாக்கிக் கேட்டால் எது எந்தக் கருவி என்று பந்தயம் கட்ட எனக்குத் துணிச்சல் வராது. ஒலி அளவைச் சமமாக்குவது மிக அவசியம். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே காது ‘செழிப்பு’ என்று எடுத்துக்கொள்ளும். கடையில் நின்று செய்யும் ஒப்பீடுகளில் பாதி இதனாலேயே பாழாகின்றன. மேலும், 1760 ஹெர்ட்ஸில் மிஞ்சியிருக்கும் அந்தப் பளபளப்பு தனியாக வாசிக்கும்போதுதான் முழுதாகக் கேட்கும். தாளத்தட்டும் கிதாரும் பாடகர் குரலும் அதே பகுதியில் ஒலிக்கும்போது, வலுத்த ஒலி மெலிந்ததை மறைத்துவிடும். பாடலுக்குள் போன பிறகு இரண்டு கருவிகளின் வித்தியாசம் விவரத்தாள் ரசிகர்கள் நினைப்பதைவிடச் சிறியது.

சரி, ஒரே மாடலில் இரண்டு வாங்கினால்? இரண்டு புரொஃபெட்-6? அபத்தமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு அபத்தமில்லாத இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, சுரங்களின் எண்ணிக்கை. கட்டையை விட்ட பிறகும் நீண்டு மறையும் ஒலியை வாசிக்கிறீர்கள். இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று. அவை மறைந்து முடிவதற்குள் அடுத்த கட்டையை அழுத்தினால், ஆறு நாற்காலி உள்ள அறைக்கு ஏழாவது ஆள் வந்த கதைதான்: ஏற்கெனவே ஒலிக்கும் சுரங்களில் ஒன்றைக் கருவி எழுப்பி அனுப்பிவிட்டுப் புதியதை உட்கார வைக்கும். கவனித்துக் கேட்டால் அந்தச் சுரம் சட்டென்று அறுபடுவது தெரியும். இரண்டு புரொஃபெட்-6 களை மிடி (மின்னிசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் பொது முறை) கம்பியால் கோத்துப் பன்னிரண்டு சுரங்கள் ஒலிக்கும் ஒரே கருவியாக்க அதிலேயே வசதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பிசகு. அனலாக் ஆஸிலேட்டரில் சுருதியை மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. பொதுவான ஏற்பாடு, ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கான ‘சென்ட்’ என்பது அப்படிப் பார்த்தால் 0.83 மில்லிவோல்ட்தான். இந்த மின்னழுத்தத்தை அதிர்வெண்ணாக மாற்றும் டிரான்சிஸ்டரோ வெப்பத்துக்கு எளிதில் அசைந்துகொடுக்கும். ஈடுசெய்யாமல் விட்டால், ஒரு டிகிரி செல்சியஸ் மாற்றத்துக்கு ஒரு ஸ்தாயி இடைவெளி சுமார் 4 சென்ட் பிசகும். ஈடுசெய்யும் மின்தடையும் தானியங்கிச் சுருதி சரிபார்ப்பும் இதைப் பெரிதும் அடக்கிவிடுகின்றன; முழுக்க அல்ல. 440 ஹெர்ட்ஸில் இரண்டு கருவிகளுக்கு நடுவே 3 சென்ட் வித்தியாசம் இருந்தால், ஒன்று 440-இலும் மற்றது 440.76-இலும் ஒலிக்கும். இரண்டும் சேரும்போது ஒலி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் படித்த அதே விம்மல். அடிச்சுரத்தில் விநாடிக்கு முக்கால் விம்மல், இரண்டாவது சீரிசையில் ஒன்றரை, நான்காவதில் மூன்று. ஒவ்வொரு சீரிசையும் தனித்தனி வேகத்தில் விம்முவதால் ஒரு கணம்போல் மறுகணம் இருக்காது. பல வயலின்கள் சேர்ந்து வாசிப்பதன் திரட்சிக்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம்.

டிஜிட்டல் கருவிகளில் இந்தக் கணக்கு அப்படியே கவிழ்கிறது. யமஹா 2016-இல் வெளியிட்ட மொன்டாஜ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மொன்டாஜ் 6-இல் 61 கட்டைகள், மொன்டாஜ் 8-இல் 88. உள்ளே ஒலியை உண்டாக்கும் பகுதி ஒன்றே. ஒரே எண்களை ஒரே கணக்கில் போட்டால் விடை மாறாது. இரண்டையும் ஒரே ஒலியில் ஒரே நேரத்தில் வாசிக்க முடிந்தால் கிடைப்பது 6 டெசிபல் கூடுதல் சத்தம், திரட்சி இல்லை. ஒன்றிலிருந்து மற்றதை மிடி கம்பி வழியாக இயக்கினால் சில சமயம் ஒலி கெட்டும் போகும். ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் மிடி செய்தி 3 பைட். கம்பியில் போகும்போது அது 30 பிட். விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி ஆகும். ஒரே அலை ஒரு மில்லிவிநாடி பிந்தித் தன்னோடு தானே சேர்ந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பல இடங்களில் அழிந்துபோகும். ஒலி குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்கும்.

இதைத் தெரிந்துகொண்டு இரண்டு டிஜிட்டல் கருவிகளுக்கும் வேண்டுமென்றே சுருதியைச் சற்று மாற்றி வைத்தால் விம்மல் கிடைக்காதா? கிடைக்கும். யமஹாவே அதைச் செய்ய வழி வைத்தது. 1983-இல் டிஎக்ஸ்7 (DX7) என்ற அதன் டிஜிட்டல் சிந்தசைசர் வந்து உலகெங்கும் விற்றது. அடுத்த ஆண்டு, கட்டைகள் இல்லாமல் எட்டு டிஎக்ஸ்7-களுக்குச் சமமான சுற்றுகளை ஒரே சட்டத்தில் அடுக்கி டிஎக்ஸ்816 (TX816) என்று விற்றார்கள். எட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி பிசக வைத்தால், தனியாக ஒல்லியாக ஒலிக்கும் அந்தக் கருவி பிரம்மாண்டமாகிவிடும். இன்று அதையே ஒரே மொன்டாஜுக்குள் அடுக்கிக்கொள்ளலாம், இடம் இருக்கிறது. இரண்டாவது பெட்டி தேவையில்லை. மேடைக்கு மாற்றுக் கருவியாகவோ, பியானோபோல் கனமான கட்டைகள் ஒரு கைக்கும் இலேசான கட்டைகள் மறு கைக்கும் வேண்டும் என்பதற்காகவோ வாங்கினால் அது வேறு. அந்தக் காசு கைக்குக் கொடுப்பது, காதுக்கு அல்ல.

மிடி பிறந்ததே இரண்டு கருவிகளைச் சேர்த்து வாசிக்கத்தான் என்பதையும் மறக்கக் கூடாது. 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் புரொஃபெட்-600 ரோலண்ட் நிறுவனத்தின் ஜூப்பிட்டர்-6 உடன் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டது. ஒன்றில் வாசிக்க மற்றதும் ஒலித்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகள் இரண்டு. இரண்டும் ஆறு சுரம் ஒலிக்கும் அனலாக் வகை. விவரத்தாளை மட்டும் பார்த்தால் அன்றைக்கும் ஒன்று போதும் என்றுதான் தோன்றியிருக்கும்.

முதல் ஜோடிக்கே வருகிறேன். இரண்டும் வைத்திருப்பவர் ஒன்றை விற்றே ஆக வேண்டும் என்று நெருக்கடி வந்தால், புரொஃபெட்-6 ஐ விற்கச் சொல்வேன். நான்கு அடுக்கு வடிப்பான் கொண்ட கருவிகள் சந்தையில் நிறைய, மென்பொருளாகவும் கிடைக்கின்றன. ஆறு சுரத்துக்கும் சேர்த்து, தாழ் முனையிலிருந்து குழி வழியாக உயர் முனைக்குப் போகும் அந்த ஒற்றைத் திருகு அவ்வளவு எளிதில் அகப்படாது. பேஸ் வாசிப்பவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அவர்களுக்கு வேண்டிய இருட்டு புரொஃபெட்டில்தான் இருக்கிறது.