பையைப் பார்க்கலாமா என்று கேட்டால்

அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறேன். வகுப்புக்குள் வந்ததும் முதல் வரிசையில் இருக்கிற பையனிடம் நேரே போய், "உன் பையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்பேன். அவன் ஜிப்பை இழுத்துத் திறந்து நீட்டிவிடுவான். பக்கத்தில் இருப்பவளும் அப்படியே. நான்கைந்து பைகள் திறந்த பிறகு, "ஏன் திறந்தீர்கள்?" என்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "நீங்கள் கேட்டீர்களே, மிஸ்" என்று யாராவது சொல்வார்கள்.

நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அமெரிக்க அரசாங்கப் பாடம் நடத்துகிறேன். செனட்டர்கள் 100 பேர், உரிமைகளுக்கான முதல் பத்துத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தது 1791 என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். நம் தமிழ்ப் பிள்ளைகள் அதில் இன்னும் கெட்டி. நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காக்கிறது என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவளே, கேட்டவுடன் பையைத் திறந்து காட்டியவளும். இந்த இடைவெளிதான் என்னை உறுத்துகிறது. இதைப் பெற்றோர்களிடமும் பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காவலர் உங்கள் காரையோ பையையோ சோதிக்க வேண்டுமானால் பொதுவாக வாரண்ட் வேண்டும், அல்லது சட்டம் ஏற்கும் வலுவான காரணம் வேண்டும். நீங்களாகச் சரி என்று சொல்லிவிட்டால் இரண்டுமே வேண்டாம். 1967இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில், விடிவதற்கு வெகுநேரம் முன்பு ஒரு காரைக் காவலர் நிறுத்தினார். முகப்பு விளக்கு ஒன்றும் எண் பலகை விளக்கும் எரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே ஆறு பேர். காரைப் பார்க்கலாமா என்று கேட்டார். தாராளமாகப் பாருங்கள் என்றார் அவர்களில் ஒருவர். பின் இருக்கைக்கு அடியில் கசங்கிய திருட்டுக் காசோலைகள் கிடைத்தன. மறுக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்ற வாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மறுக்கும் உரிமை உண்டு என்று காவலர் முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று 1973இல் தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்பைச் சொன்னதும் வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு. "அப்படியானால் தெரியாதவனுக்கு அந்த உரிமை இல்லையா?" என்று ஒரு பெண் கோபமாகவே கேட்டாள். சரியான கேள்வி. அவளுக்குப் பதில் எங்கள் மாநிலத்திலேயே இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1975இல், நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தன் மாநில அரசமைப்பைக் காட்டி வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. மறுக்கலாம் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்ததா என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்றது. கூட்டாட்சி என்ற சொல்லை நான் பலகையில் எழுதி விளக்குவதைவிட இந்த இரண்டு தீர்ப்புகளும் நன்றாகவே விளக்கிவிடுகின்றன. வாஷிங்டன் தருவது அடித்தளம். அதற்கு மேல் மாநிலம் கட்டிக்கொள்ளலாம், கீழே தோண்ட முடியாது.

பள்ளிக்குள் கதை வேறு. 1980இல் பிஸ்கேடவே உயர்நிலைப் பள்ளியில், நம்மவர்கள் நிறைய வாழும் எடிசனுக்கு அடுத்த ஊரில், கழிப்பறையில் சிகரெட் பிடித்ததாக ஒரு 14 வயதுப் பெண் பிடிபட்டாள். நான் பிடிக்கவில்லை என்றாள். பள்ளி நிர்வாகி அவள் கைப்பையைத் திறந்தார். சிகரெட்டோடு சுருட்டும் தாள்களும் இருக்கவே மேலும் துழாவினார். கஞ்சா, பணம், யார் யார் பாக்கி என்று எழுதிய அட்டை எல்லாம் வெளியே வந்தன. பள்ளிக்கு வாரண்ட் தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும் என்று 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. டி.எல்.ஓ. வழக்கு என்று இதைச் சொல்வார்கள். சிறுமி என்பதால் பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டும். ஏ.பி. என்ற கல்லூரித் தரப் பாடத்தின் கட்டாய வழக்குப் பட்டியலில் இது இல்லை. நான் விடாமல் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு நாளைக்கே நடக்கக்கூடியது இதுதானே.

கைப்பேசியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். கைது செய்த பிறகும்கூட அதற்குள் இருப்பதைப் பார்க்கக் காவலருக்கு வாரண்ட் வேண்டும். 2014இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு அது. ஆனால் நீயே கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்து கையில் கொடுத்துவிட்டால் அந்தத் தீர்ப்பு உனக்கு உதவ வாய்ப்பு குறைவு. விமான நிலையக் குடிநுழைவு வாயிலிலும் விதிகள் வேறு என்பதை ஊருக்குப் போய்வரும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிவைப்பேன்.

பேசாமல் இருக்கும் உரிமையில் இதைவிட வியப்பான ஒன்று உண்டு. மிச்சிகனில் தாம்ப்கின்ஸ் என்பவர் விசாரணை அறையில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் பெரும்பாலும் வாய் திறக்கவே இல்லை. கடைசியில், சுட்டதற்காகக் கடவுளிடம் மன்னிப்பு கேட்டாயா என்ற கேள்விக்கு ஆமாம் என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எதிராக நின்றது. மௌனமாக இருக்கப்போகிறேன் என்பதை அவர் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு. மௌனம் காக்கவும் வாயைத் திறந்தாக வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. ஆனால் அதுதான் சட்டம். அதனால்தான் சொல்லிப் பழகச் சொல்கிறேன். மனத்துக்குள் தெரிந்திருந்தால் போதாது.

பெற்றோர் சந்திப்பு மாலையில் ஒரு தமிழ் அம்மா வந்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, பிறகு தமிழில் கேட்டார்: "பெரியவங்க கேட்டா மறைக்காம சொல்லணும்னுதான் நாங்க புள்ளைய வளர்க்கிறோம். நீங்க போலீஸ்கிட்டயே முடியாதுன்னு சொல்லச் சொல்லித் தர்றீங்களாமே, டீச்சர்?"

அவர் பயம் எனக்குப் புரிந்தது. நானும் அப்படி வளர்ந்தவள்தான். வட கரோலைனாப் பையன் ஒருவனைப் பற்றி அவரிடம் சொன்னேன். 13 வயது. சீருடைக் காவலர் வந்து அவனை வகுப்பிலிருந்து அழைத்துப் போனார். மூடிய அறையில் காவலர்களும் பள்ளி நிர்வாகிகளுமாக அரை மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டார்கள். அவனை வளர்த்த பாட்டிக்குத் தகவல் இல்லை. எழுந்து போகலாம் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்குமா? காவலில் இருக்கிறானா என்று முடிவு செய்யும்போது குழந்தையின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2011இல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

"எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரலியே. இதெல்லாம் குடிமக்களுக்குத்தானே?" என்றார்.

இல்லை. பதினான்காவது திருத்தம் சமப் பாதுகாப்பு தரும் இடத்தில் குடிமக்கள் என்று எழுதவில்லை, எந்த நபருக்கும் என்றே எழுதியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த சீனர்கள் அதை வைத்துத்தான் 1886இலேயே வென்றார்கள். அவர்கள் குடிமக்கள் இல்லை. விசாவில் இருக்கிற பிள்ளைக்கு அவசரத்தில் சொன்ன ஒரு சொல் விலை கூடுதல்தான். சிறிய போதைப்பொருள் வழக்குகூடக் குடியேற்றத்தைப் பாதிக்கலாம். ஆகவே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம் என்றேன். பொய் சொல்லச் சொல்லவில்லை, ஓடவோ எதிர்த்துத் தள்ளவோ சொல்லவில்லை, வண்டி ஓட்டும்போது உரிமம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சோதனைக்குச் சம்மதமில்லை, அம்மாவைக் கூப்பிட வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். மரியாதையாகச் சொல்ல வேண்டியது இந்த மூன்றுதான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும் என்று கேட்டார். "ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்" என்றேன். மெதுவாகத் திருப்பிச் சொன்னார். இரண்டாம் முறை குரல் உயர்ந்தது, கடைசியில் ஒரு "சார்" சேர்ந்துகொண்டது. சார் வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றேன். "அதோடயே சொல்லிக் கொடுங்க."