டிகோடர்: குறியை விலக்குவதா, விரிப்பதா?

வரவேற்பறை டிவியோடு ஒரு கணினியை இணைத்து டிவிடி பார்த்தவர்கள் ‘டிகோடர்’ என்ற சொல்லோடு ஒருமுறையாவது மல்லுக்கட்டியிருப்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தட்டு சுழலும், படம் வராது. டிகோடர் இல்லை என்று ஒரு செய்திப் பெட்டி மட்டும் எட்டிப்பார்க்கும். டிவிடியில் படத்தைச் சுருக்கி வைக்கும் முறை எம்பெக்-2. அதை விரித்துக் காட்டும் டிகோடர் எக்ஸ்பியில் கிடையாது. பவர்டிவிடி, வின்டிவிடி என்று ஏதாவதொரு டிவிடி பிளேயர் நிரலை நிறுவினால் அதோடு வந்து சேரும். இந்த டிகோடரைத் தமிழில் எப்படி அழைப்பது?

சொல்லின் வேர் மரத்தில் இருக்கிறது. லத்தீனில் ‘கௌடெக்ஸ்’ என்றால் அடிமரம். மெழுகு பூசிய மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டியது ‘கோடெக்ஸ்’. அப்புறம் அதுவே புத்தகம், சட்டத்தொகுப்பு என்று விரிந்தது. பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போன ‘கோட்’ மீது சங்கேதம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. நம் பனையோலை ‘ஏடு’ புத்தகத்துக்கும் பெயரானதை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இதற்குக் ‘குறி’ பொருத்தமான சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கூட்டத்தாருக்கு மட்டும் புரிவது. ஆகவே என்கோடர் ‘குறியாக்கி’. சரி, டிகோடர்? ‘குறிவிலக்கி’, ‘குறிநீக்கி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ‘விலக்கு’ இடிக்கிறது. டிகோடர் எதையும் அகற்றுவதில்லை, சுருட்டி வைத்ததை விரிக்கிறது.

கணக்குப் போட்டால் தெரியும். இந்தியாவிலும் புழங்கிய பால் (PAL) ஒளிபரப்பு முறைக்கான டிவிடியில் நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றும் 720×576 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 15.5 எம்பி, இரண்டு மணி நேரப் படம் 110 ஜிபியைத் தாண்டும். ஒற்றை அடுக்குத் தட்டில் இடமோ 4.7 ஜிபிதான். அதனால் பெரும்பாலான படங்களில், பக்கத்துப் படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் குறித்து வைக்கிறார்கள். அந்தக் குறிப்பிலிருந்து முழுப் படத்தையும் மறுபடி கட்டுவது டிகோடரின் வேலை. ‘குறிவிரிப்பான்’ என்றால் பெயரும் வேலையும் பொருந்தும்.

‘மறைநீக்கி’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது வேறு வேலை. விற்பனைக்கு வரும் டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டும் உண்டு. அதைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற நிரல் 1999இல் வெளியானது. அதற்காக வழக்கைச் சந்தித்த நார்வேயின் ஜான் லெக் யோஹான்சன் 2003இல் விடுதலையானார். பூட்டைத் திறப்பது மறைநீக்கம், உள்ளே இருப்பதை விரிப்பது குறிவிரிப்பு. விஎல்சி பிளேயர் முதல் வேலைக்கு லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற தனி நிரலகத்தையே நாடுகிறது.

எந்த டிகோடரைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர்கள் ஓடும் ரயில் காட்சி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பெட்டிகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால், படத்தின் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் தனித்தனியே படம்பிடித்ததை அந்த டிகோடர் சரியாக இணைக்கவில்லை. விலை கொடுத்து வாங்கியதா இலவசமா என்பது இரண்டாம் பட்சம்.

ஒலிக்குக் கணினியில் டிகோடரே தேவைப்படாமல் போகலாம். டால்பி டிஜிட்டல் முறையில் சுருக்கிய ஒலியை விரிக்காமல் அப்படியே ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும் வசதி பல பிளேயர்களில் உண்டு. அப்போது குறிவிரிப்பான் அந்த ஆம்பிளிஃபயர் பெட்டிக்குள் ஒரு சில்லாக (சிப்) உட்கார்ந்திருக்கும்.