பகலில் எடுத்த இரவு: ‘நோஸ்ஃபெராட்டு’வின் நீலச் சாயம்

1922-இல் ஜெர்மனியில் வெளியான ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற பேசாப்படத்தைச் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிரதியில் பார்த்தால் கதை குழம்பும். வெயில் பட்டால் மறைந்துபோகும் இரத்தக் காட்டேரி ஓர்லோக், சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடக்கிறான். இயக்குநர் முர்னா கவனிக்காமல் விட்டதல்ல இது. அது இரவு என்று சொல்லும் நிறம் அந்தப் பிரதியில் இல்லை.

அன்றைய பிலிமுக்கு ஒளியுணர்திறன் மிகக் குறைவு. படப்பிடிப்பு நடந்த ஜெர்மனியின் விஸ்மர் நகரத் தெருவையோ ஸ்லோவாக்கியாவின் ஒராவா கோட்டையையோ இரவில் விளக்குப் போட்டு எடுப்பது பெரும்பாடு. ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர் பகலிலேயே எடுத்தார். பிறகு திரையரங்குக்குப் போகும் பிரதிகளைச் சாயத்தில் தோய்த்தார்கள். பிலிமின் ஜெலட்டின் படலம் சாயத்தை உறிஞ்சும். படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள் அடர்ந்த இடங்களில் ஒளி புகாததால் கருமை அப்படியே நிற்கும். வெளிச்சமான இடங்கள்தான் நிறம் காட்டும். இரவுக்கு நீலம், விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. சாயம் மூல நெகட்டிவில் இல்லை, பிரதியில்தான் இருந்தது. அதனால் கறுப்பு வெள்ளைப் பிலிமில் நகலெடுத்தவுடன் இரவும் பகலும் ஒன்றாகிவிட்டன.

காட்டுவழியே குதிரைவண்டி போகும் காட்சியில் இன்னும் துணிச்சலான வேலை இருக்கிறது. அங்கே ஒரு துண்டு நெகட்டிவாகவே ஓடுகிறது. வெளிறிய வானம் கறுக்கிறது, இருண்ட மரங்கள் வெளுக்கின்றன. இப்படிப்பட்ட காட்சியில் வண்டி கறுப்பாகத் தெரிய வேண்டுமானால் அதை வெள்ளைத் துணியால் மூடித்தான் எடுக்க வேண்டும்.

மாடிப்படியில் ஏறும் ஓர்லோக்கின் நிழலுக்கு வேண்டியவை ஒரு சிறிய விளக்கும் சரியான தூரமும். விளக்கிலிருந்து ஆள் 1 மீட்டரிலும் சுவர் 3 மீட்டரிலும் இருந்தால் நிழல் மூன்று மடங்காகும். ஒளிமூலம் 1 செ.மீ. அகலமென்றால் நிழலின் ஓரம் 2 செ.மீ. அளவே மங்கும். 20 செ.மீ. அகல விளக்கை வைத்தால் மங்கல் 40 செ.மீ. ஆகி, நீண்ட விரல்கள் கரைந்தே போகும். அந்த விரல்களின் கூர்மையில்தான் காட்சியின் அச்சம் முழுவதும் இருக்கிறது.

ஆகவே எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். ஸ்பானியத் திரைப்பட ஆய்வாளர் லூசியானோ பெரியாதுவா 2005–06-இல் மீட்டமைத்த பதிப்பையே தேடுங்கள். பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினிமாதெக்கில் எஞ்சியிருந்த 1922-ஆம் ஆண்டின் சாயப் பிரதியே அதற்கு அடிப்படை. ஓட்டவேகத்தையும் கவனியுங்கள். நொடிக்கு 18 ஃபிரேம் வேகத்துக்குரிய படத்தை 24-இல் ஓட்டினால் 4 நொடி அசைவு 3 நொடியில் முடியும். ஓர்லோக் மெல்ல நிமிர வேண்டிய இடத்தில் துள்ளி எழுவான். பயம் வர வேண்டிய இடத்தில் அரங்கு சிரிக்கும்.