ரோபோ மாட்டினா அப்பா நடந்துடுவார்னு யார் சொன்னது?

போன வாரமும் அதே கதை. பார்கின்சன் (நடுக்குவாதம்) இருக்குற ஒரு அப்பா மணிக்கட்டுல மாவுக்கட்டோட என்கிட்ட வந்தார். இடுப்புல மாட்டுற நடை ரோபோ ஒண்ண மகன் ஆன்லைன்ல வாங்கி, அவரே மாட்டிவிட்டு, "நடங்கப்பா"ன்னு சொல்லிட்டு போன் எடுக்க உள்ள போயிருக்கார், வாசப்படிகிட்ட திரும்புறப்ப கால் ஃப்ரீஸ் ஆகிடுச்சு, அதாவது தரையோட ஒட்டின மாதிரி நின்னுடுச்சு, உடம்பு முன்னாடி சாய, ஆள் கீழ. இப்படி வர்றது எனக்கு இது மூணாவது. பாசத்துல செஞ்சதுதான், ஆனா உடைஞ்சது அப்பாவோட கை.

எல்லாரும் ஒரே வீடியோவத்தான் கொண்டுவந்து காட்டுறாங்க, வீல்சேர்ல இருந்தவர் மெஷின் மாட்டி எழுந்து நடக்குறது. அவருக்கு இருக்குறது தண்டுவடக் காயம்ங்க. ரீவாக்னு ஒரு மெஷினுக்கு 2014ல அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தர்ற அரசு அமைப்பு) அனுமதி குடுத்தது அவங்களுக்குத்தான். வீடியோவ இன்னொரு தடவ பாருங்க, ரெண்டு கையிலயும் ஊன்றுகோல் இருக்கும். பெரும்பாலான மெஷின் கால நகர்த்தும், விழாம பேலன்ஸ் பண்றது மாட்டியிருக்குற ஆளோட வேலை. நம்ம அப்பாவுக்கு போனதே அந்த பேலன்ஸ்தானே? பார்கின்சன்ல தசைக்கு பலம் இருக்கும், மூளையிலிருந்து கட்டளை சரியா வராது. நடை தள்ளாடுற அட்டாக்சியாவுல பலம் இருந்தும் கால் எங்க போகுதுன்னு கட்டுப்பாடு இருக்காது. தசைச்சிதைவுல தசையே கரையுது. மூணும் "நடக்க முடியல"ன்னுதான் வெளிய தெரியும், ஆனா மூணுக்கும் ஒரே மெஷின் எப்படிங்க சரிவரும்?

நான் ரோபோவுக்கு எதிரி இல்ல. ஜப்பான்ல ஹால் (HAL)னு ஒரு நடை ரோபோ இருக்கு, தோல் மேல ஒட்டுற சென்சார் வழியா தசைக்கு வர்ற மின்சிக்னல படிச்சு, நாம நினைக்குறப்ப உதவும். 2015ல ஏஎல்எஸ், எஸ்எம்ஏ (ரெண்டும் தசைய இயக்குற நரம்பு செல் அழியுற நோய்), தசைச்சிதைவுன்னு மெதுவா கூடுற 8 நரம்பு-தசை நோய்க்கு அங்க அனுமதி கிடைச்சுது. அந்த எட்டுல பார்கின்சன் இல்ல. அதுவும் ஆஸ்பத்திரியில ஆள் பக்கத்துல நின்னு குடுக்குற பயிற்சி. பார்கின்சனுக்கு 2024 ஜனவரியில ஹார்வர்ட் ஆட்கள் துணி மாதிரி மென்மையான ஒண்ண மாட்டி, கட்டடத்துக்குள்ள நடக்குறப்ப ஃப்ரீஸ் ஆகுறது நின்னதுன்னு வெளியிட்டாங்க. படிச்சப்ப எனக்கும் சந்தோஷம்தான், ஆனா சோதிச்சது ஒரே ஒருத்தர்கிட்ட.

நோய் நின்னுடும்னு மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க. இதுல எதுவும் நோய நிறுத்தாது. ரோபோ வருதேன்னு மாத்திரையையும் தினசரி பயிற்சியையும் விட்ட குடும்பத்த நான் பார்த்திருக்கேன், மூணு மாசத்துல இழந்தத திரும்பப் பிடிக்க எவ்வளவு கஷ்டப்பட்டோம்னு எனக்குத்தான் தெரியும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஆள கூட்டிட்டு வாங்க, மெஷின இல்ல. எழுந்து நின்னதும் பிபி விழுதா, எலும்பு எப்படி இருக்கு, தோல் உணர்ச்சி இருக்கா, சொன்னத ஞாபகம் வெச்சுக்குறாரா, இதெல்லாம் பார்க்கணும். டிரையல் தராதவங்ககிட்ட வாங்காதீங்க. மாட்டியிருக்குற நேரம் பூரா ஒருத்தர் கையெட்டுற தூரத்துல நிக்கணும், போன் அடிச்சா அடிக்கட்டும். கழட்டினதும் பட்டை அழுத்தின இடத்தப் பாருங்க, சிவப்பு மறையலைன்னா அன்னிக்கு அதோட நிறுத்துங்க. தசை நோய்க்காரங்களுக்கு மறுநாளும் அசதி போகலைன்னா பயிற்சி அதிகம்னு அர்த்தம், "இன்னும் கொஞ்சம் நடங்க"ன்னு விரட்டாதீங்க.

அந்த அப்பாவுக்கு இப்போதைக்கு தரையில கலர் டேப் ஒட்டி, கோட்டத் தாண்டி கால் வைக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன். வாசப்படிகிட்ட நேத்து நிக்காம திரும்பினார்.